டாஸ்மேனியன் டெவிலுக்குச் சட்டம் எதுவரை துணை?

“1941லிருந்தே கொல்லத் தடை. மாநிலச் சட்டம், மத்தியச் சட்டம், சர்வதேசச் செம்பட்டியல் மூன்றிலும் இடம். அப்படியிருந்தும் டாஸ்மேனியன் டெவில் ஏன் இப்படிக் குறைந்துபோனது? இந்தச் சட்டங்களால் என்னதான் பயன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு, அது வாழும் ஆஸ்திரேலியத் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் கார் ஓட்டப்போவதால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பாதுகாக்கப்பட்ட விலங்கு என்றால் அதன் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது. சட்டம் கட்டுவது மனிதர் கையைத்தான். கடந்த முப்பது ஆண்டுகளாக டெவிலை முதன்மையாகக் கொன்றுவருவது ஒரு தொற்றுப் புற்றுநோய். அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது. நோய்க்கு அடுத்து நிற்பது சாலை. அங்கே மனிதர் கை இருக்கிறது, ஆனால் சட்டம் மிகவும் மெலிந்திருப்பதும் அங்கேதான். உங்கள் இரண்டு கேள்விகளும் கடைசியில் அந்த இடத்தில் வந்து சேரும்.

விலங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயங்களுக்கு அது தேவை. வயிற்றில் பையுள்ள ஊனுண்ணிகளில் இன்று உயிரோடிருப்பவற்றில் மிகப் பெரியது இது. பெண் 6 முதல் 8 கிலோ, ஆண் 8 முதல் 12 கிலோ வரை இருக்கும். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இணைசேரும். 21 நாள் கர்ப்பம். அரிசி மணி அளவில் இருபது முப்பது குட்டிகள் பிறந்தாலும் தாய்க்கு நான்கு முலைக்காம்புகள்தான். நான்குக்கு மேல் பிழைக்க வழியில்லை. குட்டிகள் ஏறக்குறைய நான்கு மாதம் பையில், பிறகு டிசம்பர், ஜனவரி வரை வளையில். காட்டில் ஐந்தாறு வயதைத் தாண்டுவது அரிது. இரை தின்னும்போதும் இணைசேரும்போதும் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நோய் சவாரி செய்கிறது.

சட்டத்தின் கதை வெகுமதியில் தொடங்குகிறது. வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி 1830ல், ஆட்டு மந்தைகளைக் காக்க, டாஸ்மேனியப் புலியையும் (தைலசின் என்ற, இன்று அழிந்துவிட்ட பையுள்ள விலங்கு) டெவிலையும் கொன்று வருவோருக்குக் காசு கொடுத்தது. புலிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1936 ஜூலை 10ஆம் தேதி. ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையிலிருந்த கடைசிப் புலி அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி செத்தது. இடையில் 59 நாள். டெவிலுக்கு 1941 ஜூனில் பாதுகாப்பு வந்தது, அப்போது காட்டில் பாதுகாக்க டெவில்கள் இருந்தன. அடுத்த அரை நூற்றாண்டில் எண்ணிக்கை நன்றாகத் தேறியது. ஆகவே சட்டத்தால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. துப்பாக்கியும் பொறியும் நஞ்சும் கொன்றுகொண்டிருந்த வரை, தடைச் சட்டம் தன் வேலையைச் செய்தது.

இன்றைய சட்ட அடுக்கைப் புரிந்துகொள்ள, இந்தியப் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். நமக்கு 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒரே மத்தியச் சட்டமும் அதன் அட்டவணையும் மனதில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டுயிரைக் கொல்வது, பிடிப்பது, வைத்திருப்பது எல்லாம் முதன்மையாக மாநில விவகாரம். டாஸ்மேனியாவில் 2002ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டமும் அதன் காட்டுயிர் விதிகளும் டெவிலைச் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற விலங்காக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் 1995ஆம் ஆண்டின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்கள் பாதுகாப்புச் சட்டம். அதன் பட்டியலில் டெவில் 2008 மே மாதம் ‘அருகிவரும் இனம்’ என்ற நிலைக்கு ஏறியது. இந்தச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பெர்மிட் இல்லாமல், தெரிந்தே, எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். ‘வைத்திருப்பது’ என்பதைக் கவனியுங்கள். சாலையோரம் கிடக்கும் மண்டையோட்டை நினைவுப் பொருளாக எடுத்துவந்தாலும் சிக்கல்தான். ‘தெரிந்தே’ என்ற சொல்லையும் கவனியுங்கள். இரவில் தற்செயலாக வண்டியில் அடிபட்டால் அது இந்தக் குற்றத்துக்குள் வராது.

மத்தியச் சட்டம் 1999ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு மற்றும் உயிர்ப்பன்மையச் சட்டம். அதன் பட்டியலில் டெவில் 2006ல் ‘பாதிக்கப்படக்கூடியது’ என்று நுழைந்து, 2009 மே மாதம் ‘அருகிவரும் இனம்’ ஆனது. பலர் நினைப்பதுபோல, டாஸ்மேனியாவில் யாரோ ஒரு டெவிலைச் சுட்டால் இந்தச் சட்டம் பாயாது. கொல்வது தொடர்பான அதன் நேரடிக் குற்றப் பிரிவுகள் மத்திய அரசுக்குச் சொந்தமான பகுதிகளுக்குத்தான். அது பிடிப்பது வேறோர் இடத்தில்: ஒரு சுரங்கம், ஓர் அணை, ஒரு காற்றாலைப் பண்ணை அந்த இனத்தின் மேல் கணிசமான பாதிப்பை ஏற்படுத்தும் என்றால், மத்திய அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. உயிருள்ள டெவிலை நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் இதே சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், வணிகத்துக்கு அனுப்ப இடமில்லை. கோபன்ஹேகன், சான் டியாகோ போன்ற இடங்களுக்கு டெவில்கள் போனது அரசுத் தூதுவர்களாக.

ஓட்டைகளும் உண்டு. மாநிலச் சட்டத்தில், சான்றளிக்கப்பட்ட வனத் தொழில் திட்டத்தின்படி மரம் வெட்டுபவருக்குத் தனிப் பெர்மிட் தேவையில்லை. மத்தியச் சட்டமோ, மத்திய அரசும் மாநிலமும் செய்துகொண்ட வட்டார வன ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட மரம்வெட்டுதலுக்கு நெடுங்காலம் விலக்கு அளித்துவந்தது. டெவிலின் பிரசவ வளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுபவை. ஒரு வளையை இடிப்பது ஒரு குட்டி ஈட்டைக் கெடுப்பதோடு நிற்காது. அதனால்தான் ஒழுங்காக நடக்கும் திட்டங்களில் நிலத்தைத் துப்புரவு செய்யும் முன் வளைகளைத் தேடி, சந்தேகமான வாயிலில் தானியங்கி கேமரா வைத்து, உள்ளே குட்டி இருந்தால் அது வெளியேறும் வரை காத்திருப்பார்கள். குளிர்காலக் கடைசியிலிருந்து கோடை நடுவரை, அதாவது ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை, புல்டோசருக்கு மோசமான காலம். இந்த மத்தியச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று கிரஹாம் சாமுவேல் தலைமையில் 2020ல் நடந்த மறுஆய்வே சொல்லிவிட்டது. அதன் பின் சட்டம் திருத்தப்பட்டுவருவதால், விலக்குகளைப் பற்றிப் பழைய கட்டுரைகளில் படிப்பதை நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே பேச வேண்டும்.

சட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே வழக்கில் தெரிய வேண்டுமென்றால் 2013ஆம் ஆண்டு டார்க்கைன் வழக்கைப் பாருங்கள். வடமேற்கு டாஸ்மேனியாவில் நெல்சன் பே ஆற்றருகே ஷ்ரீ மினரல்ஸ் நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு அப்போதைய அமைச்சர் டோனி பர்க் ஒப்புதல் தந்திருந்தார். அச்சுறுத்தலுக்குள்ளான ஓர் இனத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு ஆலோசனை ஆவணம் இருந்தால், அமைச்சர் அதைக் கருத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். டெவிலுக்கான அந்த ஆவணம் அமைச்சர் முன் வைக்கப்படவில்லை. ஆவணத்தில் இருந்த செய்திகளில் பல வேறு தாள்களில் அவர் கண்ணுக்கு வந்திருந்தன, அது போதாதா என்று அரசுத் தரப்பு வாதாடியது. போதாது என்று 2013 ஜூலையில் மத்திய நீதிமன்ற நீதிபதி மார்ஷல் ஒப்புதலை ரத்து செய்தார். இதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். சில வாரங்களிலேயே அடுத்த அமைச்சர் மார்க் பட்லர், ஆவணத்தைப் பார்த்துவிட்டு, நிபந்தனைகளோடு அதே சுரங்கத்துக்கு மறுபடி ஒப்புதல் தந்தார். ஆக, அமைச்சரைப் படிக்கவைக்கச் சட்டத்தால் முடிந்தது. படித்தபின் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அந்த மறு ஒப்புதலில் டெவிலுக்கு உண்மையில் பயன்பட்டவை சுரங்க லாரிகளின் ஓட்டத்தையும் சாலைச் சாவுகளையும் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள்தான். தீர்ப்பின் புகழில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

இப்போது நோய். வடகிழக்கில் வுகலினா என்ற மவுண்ட் வில்லியம் பகுதியில் 1996ல் முகத்தில் கட்டிகளோடு டெவில்கள் படம்பிடிக்கப்பட்டன. முதலில் வைரஸ் என்று சந்தேகித்தார்கள். உண்மை அதைவிட விசித்திரம்: புற்றுசெல்லே தொற்றுக்கிருமியாக இருக்கிறது. என்றோ ஒரு பெண் டெவிலின் நரம்பு உறைச் செல்லில் தோன்றிய புற்று, அந்த விலங்கு செத்த பிறகும் கடி வழியாக அடுத்ததன் உடலில் ஒட்டி வளர்ந்து, அங்கிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மரபணு மாற்றங்களை எண்ணிப் பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள் 1980களின் நடுப்பகுதியில் அது பிறந்திருக்கலாம் என்கிறார்கள். 2014ல் தென்கிழக்கில், முற்றிலும் தனியாக, ஓர் ஆண் டெவிலில் தோன்றிய இரண்டாவது தொற்றுப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்நியச் செல்லை உடல் ஏன் விரட்டுவதில்லை? முதல் வகைப் புற்றுசெல்கள் தம் மேற்பரப்பில் இருக்க வேண்டிய அடையாளப் புரதங்களை ஒளித்துவிடுகின்றன, காவல் செல்களுக்கு அவை தெரிவதில்லை. டெவில்களின் மரபணு வேறுபாடு குறைவாக இருப்பதுதான் காரணம் என்று முன்பு எழுதினார்கள். அது முழுக் காரணம் ஆகாது. வேற்றுத் தோலை ஒட்டவைத்தால் டெவிலின் உடல் அதை நிராகரிக்கிறது. கட்டி கண்ணில் பட்டபின் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் சாகின்றன. வாயைச் சுற்றிக் கட்டி பெருத்துத் தின்ன முடியாமல் போகும், உள்ளுறுப்புகளுக்கும் பரவும்.

எண்களில் கவனம் வேண்டும். நோய் நீண்ட நாள் இருந்த இடங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிவு ஏற்பட்டது என்பது உறுதி. தீவு முழுவதற்கான மொத்தக் கணக்கு அவ்வளவு உறுதியல்ல. ஒரு காலத்தில் ஒன்றரை லட்சம் டெவில்கள் இருந்தன என்று பல இடங்களில் படிப்பீர்கள். 2021ல் வெளியான விரிவான மறுகணக்கு, 1996 வாக்கில் உச்சமே சுமார் 53,000, 2020ல் சுமார் 16,900 என்கிறது. நான் பின்னதைத்தான் நம்புவேன், ஏனென்றால் அது பல்லாண்டுப் பொறிப் பதிவுகளையும் இரவு விளக்கொளிக் கணக்கெடுப்புகளையும் சேர்த்து எழுந்தது. ஆனாலும் அது மாதிரிக் கணக்குதான், தலை எண்ணிய கணக்கல்ல.

நோயைச் சட்டம் தொட்ட ஒரே இடம் 2006: மாநிலத்தின் விலங்குச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய விலங்கைப் பார்த்தவர் தெரிவித்தாக வேண்டும். பரவலை இது நிறுத்தவில்லை, ஆனால் எங்கே நோய் இருக்கிறது என்ற வரைபடம் இதனால் கிடைத்தது. முகத்தில் புண் இருந்தாலே புற்று என்று முடிவுகட்டக் கூடாது. கடித்துச் சண்டையிடும் விலங்குக்குப் புண் இயல்பு. சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் உறுதி, முதல் வகையா இரண்டாவதா என்பதும் அங்கேதான் தெரியும். களத்தில் பிடிப்பவர்கள் கம்பிக் கூண்டைப் பயன்படுத்துவதில்லை, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். சுமார் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்ப் பொறிதான் வழக்கம். உட்புறம் வழவழப்பு, இருட்டு, கழுவுவது எளிது. ஓர் ஆய்வுப் பகுதியில் நாற்பது பொறி வரை வைத்து, ஏழு முதல் பத்து இரவுகள், தினமும் காலையில் பார்ப்பார்கள். ஒவ்வொரு விலங்குக்குப் பிறகும் பொறியையும் கையையும் கருவிகளையும் கிருமிநீக்கம் செய்வது கட்டாயம். உயிருள்ள செல்தானே தொற்று. ஈரமான எச்சில் படிந்த பொறியில் அடுத்த விலங்கை விட்டால் நாமே நோயைக் கடத்தியவர்கள் ஆவோம்.

நோயுற்றவற்றைப் பிடித்து அகற்றினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றியது, செய்தும் பார்த்தார்கள். குறுகிய நிலப்பாலத்தால் மட்டும் இணைந்த ஃபாரெஸ்டியர் தீபகற்பத்தில் 2004 முதல் 2010 வரை திரும்பத் திரும்பப் பொறிவைத்து, கட்டியுள்ளவற்றை அகற்றினார்கள். நோய் குறையவில்லை. காரணங்கள் தெளிவானவை. கட்டி வெளியே தெரியப் பல மாதம் ஆகும், அதற்குள் விலங்கு பலவற்றோடு கடிபட்டிருக்கும். சில டெவில்கள் பொறிக்குள் வருவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கடி பெரும்பாலும் இணைசேரும் பருவத்தில் நடப்பது. எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் ஆண் பெண்ணைத் தேடிப் போகத்தான் செய்யும். கூட்டம் சிறுத்தால் தொற்று தானே அடங்கும் என்ற வழக்கமான கணக்கு இங்கே எடுபடவில்லை. கடி வாங்கிய விலங்கைவிட, நோயாளியின் கட்டியைக் கடித்த விலங்குக்கே தொற்று எளிதாக ஏறுகிறது என்றும் பின்னால் தெரிந்தது. அதாவது கூட்டத்தில் திடமானவையே முதலில் போகின்றன.

அதனால் பாதுகாப்பின் முதுகெலும்பாக ஆனது காப்பீட்டுக் கூட்டம், அதாவது காட்டில் அழிந்தாலும் இனம் மிஞ்சுவதற்காக நோயிலிருந்து தள்ளி வளர்க்கும் கூட்டம். மாநில, மத்திய அரசுகளின் கூட்டு முயற்சியாக 2003ல் தொடங்கிய டெவில் மீட்புத் திட்டம், 2005லிருந்து நோய் எட்டாத மேற்குப் பகுதியில் தாயைவிட்டு அப்போதுதான் பிரிந்த இளம் விலங்குகளைப் பிடித்தது. இளையவை ஏனென்றால், ஒரு வயதுக்குள் நோய் மிக அரிது. பிடித்தவற்றைத் தனிமைப்படுத்தி, ஓராண்டுக்கும் மேலாகக் கண்காணித்து, கட்டி வரவில்லை என்று உறுதியான பின்பே ஆஸ்திரேலியப் பெருநிலத்து மிருகக்காட்சி சாலைகளுக்கு அனுப்பினார்கள். குறிக்கோள்: காட்டிலிருந்த மரபணு வேறுபாட்டில் 95 சதவீதத்தை 50 ஆண்டுகளுக்கு இழக்காமல் வைத்திருப்பது. அதற்காக எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு மிருகக்காட்சி சாலையும் தன் விருப்பப்படி முடிவுசெய்யாது. எல்லாவற்றுக்கும் பொதுவான வம்சாவளிப் பதிவேடு ஒன்று உண்டு, கூட்டத்தில் யாருக்கு உறவினர் குறைவோ அவற்றுக்கு முன்னுரிமை. இதெல்லாம் மாநிலங்களின் எல்லை தாண்டி நடக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் இரு பக்க அனுமதி வேண்டும். சட்டப் பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. பட்டியலில் ஏறிய பின்தான் பணமும் பணியாளரும் அனுமதிகளும் ஒழுங்காக வரத் தொடங்கின.

கூண்டு வாழ்க்கைக்கு விலை உண்டு. எத்தனை தலைமுறை கூண்டில் கழிந்ததோ, அவ்வளவுக்கு அந்த விலங்கு விடுவிக்கப்பட்டபின் வண்டியில் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017ல் ஓர் ஆய்வு காட்டியது. வேலியிட்ட பரந்த வெளிகளும் தீவும் அதற்கு மாற்றாக வந்தன. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய மரியா தீவில் 2012 நவம்பரில் 15 டெவில்களும் அடுத்த ஆண்டு 13ம் விடப்பட்டன. சாலை இல்லை, நோய் இல்லை, தீனி ஏராளம், பெருகின. ஆனால் அந்தத் தீவில் டெவில்கள் இயற்கையாக இருந்ததே இல்லை. நிலத்தில் வளை தோண்டிக் கூடுகட்டும் சின்னப் பென்குயின்கள் அங்கே சுமார் 3,000 ஜோடி இருந்தன. 2021ல் அந்தக் கூட்டம் அழிந்துவிட்டது என்று பறவை ஆர்வலர் அமைப்பான பேர்ட்லைஃப் டாஸ்மேனியா அறிவித்தது. பென்குயின்களுக்கு ஆபத்து வரலாம் என்பது முன்பே பேசப்பட்டதுதான். ஓர் இனத்துக்கான மீட்புத் திட்டத்தை அந்த இனத்தின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் இப்படித்தான் ஆகும். இதைத் தவறு என்று சொல்வோர் பக்கம் நியாயம் இருக்கிறது. காப்பீட்டுக் கூட்டத்துக்கு அன்று வேறு எங்கும் இவ்வளவு நல்ல இடம் கிடைத்திருக்காது என்போர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது.

தடுப்பூசி வந்துவிட்டதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2015 செப்டம்பரில் நரவந்தாபு தேசியப் பூங்காவிலும் பிறகு ஸ்டோனி ஹெட் பகுதியிலும், ஊசி போடப்பட்ட டெவில்கள் விடப்பட்டன. அவற்றின் உடலில் எதிர்ப்புச் சக்தி எழுந்ததற்கு அடையாளம் கிடைத்தது. நோய் வராமல் அது காத்தது என்று காட்ட முடியவில்லை. கட்டி வந்த சில விலங்குகளுக்கு எதிர்ப்பாற்றல் சிகிச்சை அளித்தபோது கட்டி சுருங்கியது 2017ல் பதிவானது. அது விரல்விட்டு எண்ணக்கூடிய விலங்குகளில் நடந்தது. இப்போது டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் மென்சீஸ் நிறுவனத்தார் முயல்வது தீனியில் வைத்துக் கொடுக்கும் தடுப்புமருந்து. ஐரோப்பாவில் நரிகளின் வெறிநோயை இப்படித்தான் ஒழித்தார்கள் என்பதால் எண்ணம் வீணானதல்ல. ஆனால் வெறிநோய்க்கு நல்ல தடுப்புமருந்து முன்பே இருந்தது, தீனியில் வைப்பது மட்டுமே புதிது. இங்கே இரண்டையும் சேர்த்துச் சாதிக்க வேண்டும்.

விலங்கு தானாகவே மாறிவருகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சில தலைமுறைகளிலேயே நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் மாறியிருப்பதாக 2016ல் ஓர் ஆய்வு வந்தது. கட்டி தானாகச் சுருங்கிய டெவில்களும் உண்டு. நோய்த்தொற்றின் வேகம் தணிந்து, விலங்கும் நோயும் சேர்ந்து வாழும் நிலை வருகிறது என்று 2020ல் எழுதினார்கள். அதே தரவை மீண்டும் அலசியவர்கள் 2024ல், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை என்றார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: நோய் நுழைந்து இருபத்தைந்து ஆண்டு ஆன இடங்களில்கூட டெவில்கள் முற்றிலும் அற்றுப்போகவில்லை. நோய் இருக்கும் இடங்களில் பெண்கள் இரண்டு வயதுக்குப் பதில் ஒரு வயதிலேயே குட்டி போடத் தொடங்கியிருப்பது அதற்கு ஒரு காரணம். நியூ சவுத் வேல்ஸில் பேரிங்டன் மலைப்பகுதியில் 2020ல் 26 டெவில்களை விட்டதை ‘3,000 ஆண்டுக்குப் பின் பெருநிலத்துக்குத் திரும்பின’ என்று செய்தித்தாள்கள் எழுதின. அது 400 ஹெக்டேர் வேலிக்குள் நடந்தது. வேலியைத் தாண்டிய விடுதலைக்கு இன்னும் சட்ட அனுமதியோ அறிவியல் ஒருமைப்பாடோ கிடையாது.

மிச்சம் இருப்பது சாலை. நோயால் மெலிந்த கூட்டத்தில், ஆண்டுதோறும் வண்டி கொல்வது தாங்கக்கூடிய இழப்பல்ல. கொல்லப்படுபவை பெரும்பாலும் நோயில்லாத, சுற்றித் திரியும் வயதுள்ளவை. டெவில் செத்ததைத் தின்னும் விலங்கு. அடிபட்ட வாலபியை (சிறு கங்காரு வகை) தின்னச் சாலை நடுவுக்கு வரும், அதுவும் அடிபடும். கறுப்பு உடல், தார்ச்சாலை, இரவு. 1990களில் க்ரேடில் மலைச் சாலையை அகலப்படுத்தித் தார் போட்டபோது வண்டிகளின் வேகம் கூடியது. அப்பகுதியில் 39 ஆக இருந்த டெவில்கள் 20 ஆயின, 19 கிழக்குக் குவோல்கள் (பூனையைப் போன்ற, பையுள்ள சிறு ஊனுண்ணிகள்) ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயின. பிறகு வேகத்தடைகள், எச்சரிக்கைப் பலகைகள், சாலையோர வாய்க்காலிலிருந்து விலங்கு ஏறித் தப்பச் சரிவுகள் அமைத்தார்கள். இரண்டும் மெல்லத் தேறின. எல்லாம் எளிய பொறியியல்தான். ஹெட்லைட் பட்டதும் ஒலியும் ஒளியும் எழுப்பும் ‘மெய்நிகர் வேலி’ பற்றி நிறையப் படிப்பீர்கள். ஆர்தர் ஆற்றுச் சாலையில் நடந்த சோதனை சாவு பாதியாகக் குறைந்தது என்றது. மற்றவர்கள் அதே முறையைச் சரிபார்த்தபோது தெளிவான பயன் தெரியவில்லை. வேகம் குறைந்தால் சாவு குறையும் என்பதில் அந்தச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு புதுச் சுரங்கச் சாலைக்கு நிபந்தனை போடும் சட்டம், ஏற்கெனவே இருக்கும் நெடுஞ்சாலையின் இரவு வேகத்தைத் தொடுவதில்லை. மீட்புத் திட்டத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு மோசமான சில சாலைப் பகுதிகளின் இரவு வேக வரம்புக்கும் அதன் கண்காணிப்புக்கும் போயிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே நீங்கள் போகும்போது: பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வெளியூர்ச் சாலையில் ஓட்டாமல் இருக்க முடிந்தால் அதுவே சிறந்தது. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பலகை 100 என்று சொன்னாலும் 60ஐத் தாண்டாதீர்கள். 80லேயே விளக்கின் எல்லைக்குள் வண்டி நிற்காது. திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், நேராகப் பிரேக் போடுங்கள். சாலையில் செத்த வாலபி கிடந்தால், பாதுகாப்பாக நிறுத்த இடமிருந்தால் மட்டும், காலால் அல்லது கோலால் ஓரத்துக்கு வெகு தூரம் தள்ளிவிடுங்கள். அடுத்த சாவைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை.

டெவிலே அடிபட்டால் முதலில் அது செத்துவிட்டதா என்று தள்ளி நின்று பாருங்கள். உயிர் இருந்தால் கை நீட்டக் கூடாது, எலும்பை நொறுக்கும் தாடை அது. காட்டுயிர் மீட்பு எண்ணை (புறப்படும் முன்பே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், பல சாலைகளில் இணையம் வராது) அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். செத்தது பெண்ணாக இருந்தால் வயிற்றில் பையைப் பாருங்கள். டெவிலின் பை பின்புறம் நோக்கித் திறக்கும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை உள்ளே குட்டி இருக்க வாய்ப்பு அதிகம். முலைக்காம்பில் ஒட்டியிருக்கும் குட்டியைப் பிடித்து இழுத்தால் அதன் வாய் கிழியும், இழுக்கவே கூடாது. தாயின் உடலோடு சேர்த்து, துணியில் சுற்றி, கதகதப்பாகவும் இருட்டாகவும் வைத்து, பாலோ தண்ணீரோ கொடுக்காமல், மீட்பாளர் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைப்பது சட்டப்படியும் குற்றம். குட்டி இல்லையென்றாலும், முகத்தில் கட்டி இருந்ததா என்று ஒரு படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் மாநில அரசின் சாலைச் சாவுச் செயலியில் பதியுங்கள். எந்த வளைவில் வேகத்தடை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பதிவுகள்தான் ஆதாரம்.